பொதுப்பெயர் மருந்துகளும் பாதுகாப்பான மருந்துச் சீட்டும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

"அரசு மாத்திரை கேட்பதில்லை, கம்பெனி மாத்திரைதான் கேட்கிறது" என்று அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் பலர் சொல்வதுண்டு. இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ அரசு நிலையத்தில் மருந்து பெற்றுக்கொண்டு, அதை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே மருந்தைப் பன்மடங்கு விலை கொடுத்துக் கடையில் வாங்குவோர் இருக்கின்றனர். பணம் இருக்கும் மாதம் மருந்து உண்டு, இல்லாத மாதம் மருந்து இல்லை என்ற நிலை இதனால் உருவாகிறது. பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் அந்த இடைவெளியில்தான் வந்து சேர்கின்றன.

2025ஆம் ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இந்தக் கேள்வியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தன. முதலாவது, பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டது. பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் மக்களுக்குக் கொடுப்பது இவற்றின் நோக்கம். இரண்டாவது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட ஓர் இருமல் மருந்தை அருந்திய குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பறிகொடுத்த அத்துயரத்துக்குப் பின், "விலை குறைந்த மருந்தை எப்படி நம்புவது?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடையையும், மருந்துச் சீட்டு பாதுகாப்பானதாக அமைய வேண்டிய முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பொதுப்பெயர் மருந்து என்பது எது?

ஒவ்வொரு மருந்துக்கும் அதன் வேதிப்பொருளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஒன்று உண்டு. பாராசிட்டமால், மெட்ஃபார்மின், அம்லோடிபின் ஆகியவை பொதுப்பெயர்கள். அதே பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தத்தமக்கெனச் சூட்டிக்கொள்ளும் பெயர் வணிகப்பெயர். ஒரு மருந்தை முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் காப்புரிமைக் காலம் முடிந்த பின், பிற நிறுவனங்களும் அதைத் தயாரிக்கலாம். அவ்வாறு தயாரிக்கப்படுபவையே பொதுப்பெயர் மருந்துகள்.

இந்தியாவில் ஒரு தனித்தன்மை உண்டு. நம் கடைகளில் வணிகப்பெயரோடு விற்பனையாகும் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவையே. கண்டுபிடித்த நிறுவனத்தின் மூல மருந்தாக அவை இருப்பதில்லை. பொதுப்பெயர் மருந்துக்கு ஒரு வணிகப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. எனவே "கம்பெனி மாத்திரையா, ஜெனரிக் மாத்திரையா" என்று நாம் விவாதிக்கும்போது, உண்மையில் ஒரு பொதுப்பெயர் மருந்தை இன்னொரு பொதுப்பெயர் மருந்தோடுதான் ஒப்பிடுகிறோம்.

சமமானது என்று எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?

மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருந்தால் மட்டும் போதாது. அது குடலில் கரைந்து, உரிய வேகத்தில், உரிய அளவில் இரத்தத்தில் சேர வேண்டும். ஆகவே தன்னார்வலர்களுக்கு மூல மருந்தையும் புதிய மருந்தையும் வெவ்வேறு நாள்களில் கொடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து ஒப்பிடுகின்றனர். இதுவே உயிரிச் சமநிலைச் சோதனை. இரண்டுக்கும் இடையிலான விகிதம், புள்ளியியல் பிழை வரம்புகளையும் சேர்த்து, 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி.

"அப்படியானால் பொதுப்பெயர் மருந்தில் 20 விழுக்காடு குறைவாக இருக்கலாம்" என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது தவறு. சராசரி மட்டுமன்றிப் பிழை வரம்பின் இரு முனைகளும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால், சராசரி வேறுபாடு பெரிதாக இருக்கும் மருந்து தேர்ச்சி பெறுவது கடினம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 12 ஆண்டுகளில் பெற்ற 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டுகிறது. உடலில் சேரும் மொத்த மருந்தளவில் மூல மருந்துக்கும் பொதுப்பெயர் மருந்துக்கும் இடையிலான சராசரி வேறுபாடு 3.56 விழுக்காடு. இரத்தத்தில் எட்டும் உச்ச அளவில் அது 4.35 விழுக்காடு.

நோயாளிகளின் நலனில் வேறுபாடு உண்டா?

இரத்தத்தில் அளவு ஒத்திருப்பது ஒன்று. நோய் கட்டுப்படுவது மற்றொன்று. இதய, இரத்தநாள மருந்துகள் குறித்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் ஓர் அலசலை வெளியிட்டது. அவற்றுள் 38 ஆய்வுகள் சமவாய்ப்பு முறையில் நடந்தவை. பீட்டா தடுப்பு மருந்துகள் பற்றிய 7 ஆய்வுகளில் ஏழிலும், சிறுநீர் பெருக்கிகள் பற்றிய 11இல் பத்திலும், வார்ஃபரின் பற்றிய 5இல் ஐந்திலும் பொதுப்பெயர் மருந்து மூல மருந்துக்கு ஈடாகவே வேலை செய்தது. அதே காலத்தில் மருத்துவ இதழ்களில் வெளியான 43 தலையங்கங்களையும் அக்குழு ஆராய்ந்தது. அவற்றில் 23 தலையங்கங்கள் மருந்தை மாற்றுவதற்கு எதிராக எழுதப்பட்டிருந்தன. சான்றுகள் ஒரு பக்கமும் கருத்துகள் மறுபக்கமும் நின்றன என்பதே அதன் பொருள்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைத் தொடங்கிய, 65 வயதைக் கடந்த 90,111 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. வணிகப்பெயர் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 71 விழுக்காடு நாள்களுக்கும், பொதுப்பெயர் மருந்து பெற்றவர்கள் 77 விழுக்காடு நாள்களுக்கும் மருந்தைக் கையில் வைத்திருந்தனர். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்காக மருத்துவமனையில் சேர்வதும் மரணமும் பொதுப்பெயர் மருந்து பெற்றோரிடம் 8 விழுக்காடு குறைவாக இருந்தன. மருந்தின் வேதியியல் ஒன்றுதான். விலை குறைந்ததால் அவர்கள் மருந்தை விடாமல் உட்கொண்டனர் என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வாங்க முடியாத மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும் நோயைக் கட்டுப்படுத்தாது.

விதிவிலக்குகள் எவை?

அறிவியல் விதிவிலக்குகளையும் மறைக்கக் கூடாது. சில மருந்துகளில் பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடையிலான இடைவெளி குறுகியது. வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின், உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படும் டாக்ரோலிமஸ் ஆகியவை அத்தகையவை.

1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் உட்கொண்ட பலருக்கு நச்சுத்தன்மை ஏற்பட்டது. மருந்தின் அளவு மாறவில்லை. குப்பியை நிரப்பப் பயன்பட்ட கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டதால், உடலில் சேரும் மருந்து கூடிவிட்டது. 2012இல் அமெரிக்காவில், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் 300 மில்லிகிராம் நீடித்த வெளியீட்டு மாத்திரை ஒன்று திரும்பப் பெறப்பட்டது. 150 மில்லிகிராம் மாத்திரையில் நடந்த சோதனையை வைத்தே 300 மில்லிகிராமுக்கும் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. நோயாளிகளின் முறையீடுகளைத் தொடர்ந்து நேரடியாகச் சோதித்தபோது அது சமமானதாக இல்லை என்று தெரியவந்தது.

எனவே இத்தகைய மருந்துகளை உட்கொள்வோர் மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கூடாது. மாற வேண்டியிருந்தால், உரிய இரத்தப் பரிசோதனையோடு மாறலாம். இந்த எச்சரிக்கை வணிகப்பெயர் மருந்துகளுக்கு இடையே மாறுவதற்கும் பொருந்தும்.

தரம் என்ற தனிக் கேள்வி

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் கடுமையான ஒப்புதல் முறை கொண்ட நாடுகளில் நடந்தவை. அவற்றின் முடிவுகள் இங்கே பொருந்த வேண்டுமானால், இங்கே தயாராகும் மருந்தும் தரமாக இருக்க வேண்டும். இந்தியாவில், நீரில் எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு உயிரிச் சமநிலைச் சோதனை 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் உரிமம் பெற்ற பல தயாரிப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்துத் தர ஆய்வில் ஏறத்தாழ 47,000 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 3.16 விழுக்காடு மாதிரிகள் தரக்குறைவானவை, 0.0245 விழுக்காடு போலி மருந்துகள். சில்லறைக் கடைகளில் தரக்குறைவு சுமார் 3 விழுக்காடாகவும், அரசு வழங்கல் இடங்களில் சுமார் 10 விழுக்காடாகவும் இருந்தது. இது நாடு தழுவிய கணக்கு. மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்பதோடு நின்றுவிடாமல், வாங்கிய பின் சோதிப்பதும் அரசின் கடமை என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்கென ஒரு முறையை வகுத்துள்ளது. மருந்துகள் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்படுகின்றன. மாவட்டக் கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. தேர்ச்சி பெற்ற பிறகே மருந்து மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. தவறும் நிறுவனங்கள் தடைப்பட்டியலில் சேர்க்கப்படுகின்றன.

இருமல் மருந்துத் துயரத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு 48.6 விழுக்காடு இருந்தது கண்டறியப்பட்டது. அது வணிகப்பெயருடன் விற்பனையான மருந்து. பெட்டியின் மேல் பெயர் இருந்தது. உள்ளே தரம் இல்லை. மூலப்பொருளைச் சோதிப்பதும், தொழிற்சாலையைத் தொடர்ந்து கண்காணிப்பதும், தொகுதிவாரியாகச் சரிபார்ப்பதும் மட்டுமே தரத்துக்கு உறுதி தரும்.

அத்துயரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. சிறு குழந்தைகளின் இருமலும் சளியும் பெரும்பாலும் தாமாகவே குணமாகக் கூடியவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. தேவையில்லாத மருந்தை எழுதாமலிருப்பதே பாதுகாப்பான மருந்துச் சீட்டின் முதற்படி.

மருந்துச் சீட்டில் எந்தப் பெயர்?

பொதுப்பெயரில் எழுதுவதன் முதன்மைப் பயன் விலைக் குறைவு என்றே பலர் கருதுகின்றனர். பாதுகாப்பு அதைவிடப் பெரிய பயன். ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் பெறுகிறார். பின்னர் தனியார் மருத்துவர் எழுதிய வணிகப்பெயர் மாத்திரையிலும் அம்லோடிபின் அடங்கியிருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு மருந்துகள் என எண்ணி உட்கொள்ளும்போது கால்வீக்கமும் தலைச்சுற்றலும் ஏற்படுகின்றன. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு இவ்வாறு இரட்டிப்பானால், சர்க்கரை மிகவும் தாழ்ந்து நினைவிழக்க நேரிடும். காய்ச்சல் மாத்திரையோடு பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையையும் சேர்த்து உட்கொள்வோருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். பெயர் ஒன்றாக இருந்தால் இரட்டிப்பு உடனே கண்ணில் படும்.

வணிகப்பெயர்கள் ஒலியிலும் எழுத்திலும் ஒத்திருப்பதும் ஆபத்தே. மூளை மலேரியாவுக்கான இரு நிறுவனங்களின் மருந்துப் பெயர்கள் ஒத்திருந்த வழக்கில், மருந்துப் பெயர்க் குழப்பம் உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதால் பிற பொருள்களைக் காட்டிலும் கடுமையான அளவுகோல் தேவை என உச்ச நீதிமன்றம் 2001இல் வலியுறுத்தியது.

மருந்தைப் பொதுப்பெயரில், தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்பது 2016இல் திருத்தப்பட்ட மருத்துவ நெறிமுறை விதி. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய ஒழுங்குமுறை இதை மேலும் கடுமையாக்கியது. மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் ஆகஸ்ட் 23 அன்று அந்த ஒழுங்குமுறை நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த எதிர்ப்பில் நியாயமான ஒரு கூறு உண்டு. மருத்துவர் எழுதிய வணிகப்பெயரை மருந்தாளுநர் தாமாக மாற்றிக் கொடுக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. பொதுப்பெயரில் எழுதினால், எந்த நிறுவனத்தின் மருந்து என்ற தெரிவு கடைக்காரரிடம் செல்கிறது. அதிக ஆதாயம் தரும் தயாரிப்பை அவர் எடுத்துக் கொடுத்தால் நோயாளிக்கு விலையும் குறையாது, தரமும் உறுதியாகாது. ஆகவே சீட்டில் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சோதிக்கப்பட்ட மருந்து, வெளிப்படையான விலையில், அருகிலேயே கிடைக்க வேண்டும். அரசு மருந்தகங்களும் முதல்வர் மருந்தகங்களும் மக்கள் மருந்தகங்களும் நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

பாதுகாப்பான மருந்துச் சீட்டு: ஸ்காட்லாந்து தரும் சான்று

தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் உலக சுகாதார நிறுவனம் 2017இல் "தீங்கில்லா மருந்து" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பல மருந்துகளை ஒருசேர உட்கொள்வது, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, தீங்கு மிகுந்த மருந்துகளைக் கையாள்வது ஆகிய மூன்றும் அதன் முதன்மைக் களங்கள்.

இதற்கு நடைமுறைச் சான்று ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியிலிருந்து 2016இல் கிடைத்தது. வலி நிவாரணிகளையும் இரத்தத் தட்டணு எதிர்ப்பு மருந்துகளையும் ஆபத்தான சூழலில் எழுதுவதைக் குறைக்க, 33 பொது மருத்துவ நிலையங்களில் மருத்துவர்களுக்குப் பயிற்சியும், இடர் மிகுந்த நோயாளிகளைக் கணினியில் அடையாளம் காட்டும் வசதியும், மறுஆய்வுக்குச் சிறு ஊக்கத்தொகையும் தரப்பட்டன. ஆபத்தான பரிந்துரைகள் 3.7 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாகக் குறைந்தன. குடற்புண், இரத்தக் கசிவுக்காக மருத்துவமனையில் சேர்வது 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 55.7 என்பதிலிருந்து 37.0 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே பயன்படுத்தப்படவில்லை. பழைய சீட்டுகளை மீண்டும் பார்த்ததே பயன் தந்தது.

நம் சூழலில் இது மிகவும் பொருந்தும். மூட்டுவலிக்கு டைக்குளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மருத்துவச் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வோர் உள்ளனர். எனாலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற இரத்த அழுத்த மருந்தும் சிறுநீர் பெருக்கியும் உட்கொள்வோர் அதனுடன் வலி நிவாரணியையும் சேர்த்தால், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படக்கூடும்.

மாத்திரையின் நிறம் மாறினால்

மாரடைப்புக்குப் பின் பொதுப்பெயர் மருந்து உட்கொண்டவர்களைப் பற்றிய 2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்தும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியது தெரிந்தது. கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது அரசு நிலையங்களிலும் மாத்திரையின் தோற்றம் மாறுவதுண்டு. "நிறம் மாறியிருக்கிறது, மருந்து அதேதான்" என்று மருந்தாளுநர் சொல்லும் ஒரு வரி, ஒருவர் மருந்தைத் தொடர்வதற்குக் காரணமாகலாம்.

மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செய்ய வேண்டியவை

- மருந்தைப் பொதுப்பெயரில், அளவோடும் நேரத்தோடும் காலத்தோடும் தெளிவாக எழுதுக.
- மெத்தோடிரெக்சேட் போன்ற வாராந்திர மருந்துக்குக் கிழமையையும் எழுதுக. அதைத் தினமும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம்.
- புதிய மருந்தைச் சேர்க்கும் முன், நோயாளி வேறிடங்களில் பெறும் மருந்துகளையும் பார்வையிடுக. முதியோரின் மருந்துப் பட்டியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுஆய்வு செய்க.
- மாத்திரையின் தோற்றமோ தயாரிப்பாளரோ மாறினால் நோயாளியிடம் தெரிவிக்குக.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

- மாத்திரை அட்டையில் வணிகப்பெயருக்கு அருகிலுள்ள பொதுப்பெயரையும் அளவையும் படியுங்கள். படிக்க இயலாதவர்கள் மருந்தாளுநரிடமோ செவிலியரிடமோ காட்டிக் கேளுங்கள்.
- எந்த மருத்துவரிடம் சென்றாலும், உட்கொண்டுவரும் அனைத்து மாத்திரை அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும்.
- அரசு நிலையத்தில் பெற்ற மருந்தையும் கடையில் வாங்கிய மருந்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.
- வலிப்பு, தைராய்டு, இரத்த உறைவு ஆகியவற்றுக்கான மருந்துகளின் தயாரிப்பு மாறினால், முதல் வேளை உட்கொள்ளும் முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
- ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தை நீங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம். குழந்தை மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பால் அருந்த மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
- கடையில் வாங்கும் மருந்துக்கு இரசீது கேளுங்கள். தொகுதி எண் இருந்தால்தான் தரக்குறைவான மருந்தைத் தேடிப் பிடிக்க முடியும்.

மருந்து உட்கொண்டபின் எதிர்பாராத விளைவு தோன்றினால், அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுவான மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைக்கலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்களுக்கான மருந்தின் மீது ஐயம் எழுந்தால், அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மருந்தைத் தொடர்ந்தபடியே, அருகிலுள்ள அரசு நிலையத்தில் உங்கள் ஐயத்தைக் கேளுங்கள்.